பாட்டியின் பாட்டிலில் தண்ணீர் குறையவே இல்லை: ஒரு கட்ச் பயணத்தின் நிகழ்வு ஆய்வு

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் சிறிய சுற்றுலா அலுவலகம் ஒன்றில் பயணத் திட்டம் போடுவது என் வேலை. கீழே எழுதியிருப்பது நானே திட்டம் போட்டு, நானே கூடப் போய், பாதி வழியில் மாற்ற வேண்டி வந்த ஒரு குடும்பப் பயணத்தைப் பற்றி. பெயரில்லாமல் எழுதச் சொல்லி அந்தக் குடும்பமே சம்மதம் கொடுத்தது.

பின்னணி

2024 அக்டோபரில் கோலாலம்பூர் செந்தூலிலிருந்து ஒரு குடும்பம் அலுவலகத்துக்கு வந்தது. மொத்தம் ஏழு பேர்: 71 வயதுப் பாட்டி, மகன், மருமகள், அவர்களுடைய 14 வயதுப் பையன், 9 வயதுப் பெண், பாட்டியின் மகள், மாப்பிள்ளை. பிள்ளைகளுக்குப் பாலைவனம் பார்க்க வேண்டும். பாட்டிக்குக் கடற்கரையில் இரண்டு நாள் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். மகன் முதலில் துபாய் என்றார். "கட்டடம் பாக்கவா அவ்வளவு தூரம்? அதை கேஎல்சிசியிலயே பாத்துக்கலாம்லா" என்று பாட்டி முடித்துவிட்டார்.

குஜராத்தின் கட்ச் மாவட்டத்தை நான்தான் சொன்னேன். பரப்பளவில் நம் பகாங் மாநிலத்தைவிடப் பெரிய மாவட்டம் அது. வடக்கே ரண் எனும் உப்புப் பாலை, தெற்கே அரபிக்கடல், நடுவில் பூஜ் நகரம். பூஜிலிருந்து வெள்ளை ரண் தொடங்கும் தோர்டோ கிராமம் ஏறத்தாழ 80 கிலோமீட்டர். எதிர்ப்பக்கம் மாண்ட்வி கடற்கரை 60 கிலோமீட்டர். இரண்டு ஆசையும் ஒரே மாவட்டத்தில் நிறைவேறிவிடும். பையன் வரலாற்றுப் பாடத்தில் சிந்துவெளி படித்துக்கொண்டிருந்ததால் தோலாவிராவையும் சேர்த்தோம். 2021இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த ஹரப்பா காலத்து நகரம் அது.

ரண் மணல் மேடு கிடையாது என்பதை மட்டும் முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிட்டேன். மழைக்காலத்தில் அங்கே தண்ணீர் தேங்கி நிற்கும். அது வற்றிய பிறகு உப்பு தரையோடு தரையாகப் படிந்து வெள்ளையாகக் கிடக்கும். நவம்பரிலிருந்து பிப்ரவரிவரை போனால்தான் பார்க்கலாம். ஒட்டகமும் மணல் சரிவும் எதிர்பார்த்துப் போய்விட்டு "ஏமாத்திட்டாங்க" என்று திரும்பி வந்தவர்களை எனக்குத் தெரியும்.

தேதி பார்த்த கதை

வெள்ளை ரண்ணைப் பௌர்ணமி இரவில் பார்க்க வேண்டும் என்று எல்லாரும் சொல்வார்கள். நிலா வெளிச்சத்தில் உப்பு மின்னும். மருமகளும் அதைத்தான் கேட்டார். டிசம்பர் பௌர்ணமி 15ஆம் தேதி, பிள்ளைகளுக்குப் பள்ளி நடந்துகொண்டிருக்கும். ஜனவரியில் 13ஆம் தேதி, அதே கதை. பள்ளியாண்டு இறுதி விடுமுறை 2025 ஜனவரி 18 தொடங்கி பிப்ரவரி நடுப்பகுதிவரை. அதற்குள் வரும் ஒரே பௌர்ணமி பிப்ரவரி 12. அதாவது பத்துமலை முருகன் கோயில் தைப்பூசத்தை ஒட்டி.

பாட்டி ஒரே வார்த்தையில் சொன்னார்: "பத்துமலைய விட்டுட்டு உப்பப் பாக்க வருவேனா?"

சரி, பௌர்ணமி வேண்டாம் என்று ஆனது. ஜனவரி 29 சீனப் புத்தாண்டு. அதையொட்டி டிக்கெட் விலை ஏறும் என்பதால் 18 போய் 27 திரும்புவது என்று முடிவெடுத்தோம். தேதி விஷயத்தில் இவ்வளவு கவனமாக இருந்தேன். சாலை விஷயத்தில் இருக்கவில்லை.

திட்டத்தில் இருந்த ஓட்டை

அகமதாபாத்திலிருந்து பூஜ் சாலை வழியாக ஏறத்தாழ 330 கிலோமீட்டர். அந்த எண்ணைப் பார்த்ததும் என் மனசில் வந்தது கோலாலம்பூர் – பினாங்கு. நெடுஞ்சாலையில் ஏறினால் தாப்பாவில் ஒரு ஆர் அண்ட் ஆர் (நெடுஞ்சாலை ஓய்விடம்), தேவையானால் சுங்கை பேராக்கில் இன்னொன்று. சுத்தமான கழிப்பறை, சூடாக மைலோ, திரும்ப வண்டி. தூரம் ஒன்றுதான். ஆனால் நம் ஊரில் நான்கு மணி நேரத்தில் முடிகிற தூரம் குஜராத்தில் ஆறு, ஏழு மணி நேரம் பிடித்தது. வழியில் இருக்கிற சாப்பாட்டுக் கடைகளின் கழிப்பறை பெரும்பாலும் குந்தி உட்காரும் வகை.

இன்னொரு ஓட்டை எங்கள் படிவத்தில். "நோய் ஏதும் உண்டா, மாத்திரை எடுக்கிறாரா" என்று ஒரு கட்டம் இருந்தது. மருமகள் அதில் "பி.பி., சுகர். கட்டுப்பாட்டில் உள்ளது" என்று எழுதியிருந்தார். பொய்யில்லை. அரசாங்க கிளினிக்கில் மாதா மாதம் மாத்திரை வாங்கி ஒழுங்காகப் போடுகிறவர் பாட்டி. அந்த மாத்திரைகளில் ஒன்று நீர் பிரிய வைக்கும் மாத்திரை என்பதை நான் கேட்கவில்லை. முட்டி மடங்காது, வீட்டில் இருபது வருடமாக உட்காரும் கழிப்பறைதான் என்பதையும் கேட்கவில்லை. "நீண்ட பயணம் பரவாயில்லையா பாட்டி?" என்று மட்டும் கேட்டேன். "எனக்கென்னலா, எதுவானாலும் பரவாயில்ல" என்றார். அதை ஒரு பதிலாக எடுத்துக்கொண்டு குறித்துவைத்தேன். நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் "பரவாயில்லை"யில் தகவல் எதுவும் கிடையாது. அது மரியாதைக்குச் சொல்வது. பிள்ளைகளுக்குத் தொந்தரவு வேண்டாமே என்று சொல்வது.

பாதையை நானும் ஒரு தடவை பார்த்துவைக்க வேண்டும் என்பதால் கூடவே போனேன். அது நல்லதாகப் போயிற்று.

ஜனவரி 18 முதல் 21 வரை

அகமதாபாத்தில் ஒன்றரை நாள் சுமுகம். மாப்பிள்ளைக்கு மட்டும் ஒரு வருத்தம்: குஜராத்தில் மதுவிலக்கு என்பதை விமானத்தில்தான் தெரிந்துகொண்டார்.

20ஆம் தேதி காலை எட்டு மணிக்கு டெம்போ டிராவலரில் கிளம்பினோம். பாட்டி ஆறரைக்கே சாப்பிட்டு மாத்திரை போட்டுவிட்டார். முதல் நிறுத்தம் பத்து மணிக்கு. எல்லாரும் இறங்கினார்கள். பாட்டி கழிப்பறை வாசல்வரை போய், ஈரத் தரையைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். "இப்ப வரல" என்றார். நான் பார்த்தேன், எதுவும் தோன்றவில்லை. இரண்டாவது நிறுத்தத்தில் வண்டியைவிட்டே இறங்கவில்லை. சூரஜ்பாரி பாலத்தைத் தாண்டிக் கட்சுக்குள் நுழையும் இடத்தில் உப்பு லாரிகள் நெரிசலாக நின்றன, முக்கால் மணி நேரம் போயிற்று. அப்போது சின்னப் பெண் சொன்னாள்: "பாட்டி பாட்டில்ல தண்ணி குறையவே இல்ல." மருமகள் திரும்பிப் பார்த்து, "பாட்டிக்குக் குளிருதுடா" என்றார். உண்மையும் அதுதான், குளிர்தான். தாகம் எடுக்கிற மாதிரி இல்லை.

கோலாலம்பூர்க்காரர்களுக்கு இது புதுசு. நம் ஊரில் வியர்வை சட்டையில் ஒட்டும், உடம்பே தண்ணீர் கேட்கும். ஜனவரி மாதக் கட்சில் காற்று உலர்ந்து கிடக்கும். மூச்சு வழியாகவும் தோல் வழியாகவும் போகிற தண்ணீர் கண்ணுக்குத் தெரியாது. குளிரில் சிறுநீர் கொஞ்சம் கூடுதலாகவே பிரியும். வயதானவர்களுக்குத் தாக உணர்வே குறைவு. இதோடு நீர் மாத்திரையும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை இரண்டு நாள் கழித்துப் பார்த்தோம்.

21ஆம் தேதி பூஜிலிருந்து வடக்கே போனோம். பிரண்டியாராவில் ரண்ணுக்கான அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். எல்லைப் பகுதி என்பதால் பாஸ்போர்ட் நகல் கேட்பார்கள். அங்கேயே விற்கும் பால்கோவாவைப் பாட்டி விரும்பிச் சாப்பிட்டார். அன்று முழுக்க அவர் சரியாகச் சாப்பிட்டது அது ஒன்றுதான் என்று பிறகு கணக்குப் போட்டோம். காலோ துங்கர் குன்றுக்குப் போய்ப் பார்த்துவிட்டு, சாயங்காலம் தோர்டோவில் கூடாரத்துக்கு வந்தோம்.

அந்த இரவு நிலா நடுராத்திரிக்குப் பிறகுதான் வரும். பௌர்ணமி கிடைக்கவில்லை என்று முணுமுணுத்த மருமகளே அப்புறம் வாயடைத்து நின்றார். மேற்கே வெள்ளியும் சனியும் பக்கத்தில் பக்கத்தில், உச்சியில் வியாழன், கிழக்கே சிவப்பாகச் செவ்வாய். செந்தூலில் அடுக்குமாடி விளக்குகளுக்கு மேலே ஒன்றிரண்டு புள்ளிகளைத் தவிர எதையும் பார்க்காத பையன் கழுத்து வலிக்கும்வரை அண்ணாந்து நின்றான். பாட்டி நாற்காலியில் போர்வையோடு உட்கார்ந்து "நவக்கிரகத்துல நாலு வந்துருச்சு" என்றார். நன்றாகத்தான் இருந்தார்.

22ஆம் தேதி காலை

சூரிய உதயம் பார்க்க ஆறு மணிக்கு எழுந்தார்கள். கட்டிலிலிருந்து எழுந்த பாட்டி நான்கு அடி வைத்ததும் கூடாரப் படியில் சரிந்து உட்கார்ந்துவிட்டார். முழங்கை உரசி ரத்தம். நினைவு தப்பவில்லை. "கண்ணு இருட்டிருச்சு, வேற ஒண்ணுமில்ல" என்றார்.

மகன் சுகர் பார்க்கும் கருவி வைத்திருந்தார்: 6.8. தாழ்வில்லை. பி.பி. கருவியைச் சாமான் எடை கூடுகிறது என்று செந்தூலிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார்.

இப்போது முடிவெடுக்க வேண்டும். மகள், உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுத்துப் படுக்க வைத்து, மத்தியானம்வரை பார்க்கலாம் என்றார். பாட்டிக்கும் அதுதான் விருப்பம். தோலாவிரா கிளம்ப வேண்டிய நாள் அது, தன்னால் நிற்கக்கூடாது என்று அவருக்கு. நான் பூஜ் போகலாம் என்றேன். பி.பி. எவ்வளவு என்று தெரியவில்லை, விழுந்திருக்கிறார், பிரஷர் மாத்திரையும் சுகர் மாத்திரையும் எடுக்கிறவர். மத்தியானம் மோசமானால் ஒன்றரை மணி நேரச் சாலை அப்போதும் அப்படியேதான் இருக்கும். மகன் ஒத்துக்கொண்டார். காலை மாத்திரையை டாக்டர் பார்க்கும்வரை கொடுக்கவில்லை. சின்னச் சின்னதாகக் கரைசல் கொடுத்துக்கொண்டே போனோம்.

மருத்துவமனையில்

பூஜில் ஒரு தனியார் மருத்துவமனை. படுத்திருக்கையில் ரத்த அழுத்தம் 104/62. நிற்க வைத்துப் பார்த்தபோது 82/50. சுகர் எவ்வளவு என்று டாக்டர் கேட்டதும் மகன் "6.8" என்றார். டாக்டர் முகம் ஒரு நொடி குழம்பியது. அங்கே சுகரை அளக்கும் அலகு வேறு. நம் எண்ணை 18ஆல் பெருக்க வேண்டும், அதாவது 122. வெளிநாடு போகிற சுகர்காரர்கள் இதை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிப் பையில் வைத்துக்கொள்ளலாம்.

பிறகு டாக்டர் கேட்ட கேள்வியை நாங்கள் யாருமே மூன்று நாளில் கேட்கவில்லை. நேற்று காலையிலிருந்து எத்தனை தடவை சிறுநீர் கழித்தார்?

மருமகள் தமிழில் கேட்டார். பாட்டி கொஞ்ச நேரம் போர்வை ஓரத்தை நிமிண்டிக்கொண்டிருந்தார். "ரெண்டு வாட்டி." ஏன் அத்தை? "அந்த மாத்திரை போட்டா மணிக்கு ஒரு தடவை போகணும். இங்க எல்லாம் குந்துற கக்கூஸு. குந்துனா எந்திரிக்க முடியாது. யாராச்சும் தூக்கி விடணும். மாப்பிள்ளையெல்லாம் இருக்கப்போ..." என்று நிறுத்தினார். கூடாரத்தில் உட்காரும் கழிப்பறை இருந்ததே என்று கேட்டதற்கு, மறுநாளும் வண்டிப் பயணம் என்று ராத்திரியே தண்ணீரைக் குறைத்துவிட்டதாகச் சொன்னார். மாத்திரையை மட்டும் ஒரு வேளைகூடத் தவறவில்லை. கிளினிக்கில் சொல்லியிருக்கிறார்கள், தவறக்கூடாது என்று.

பரிசோதனையில் சோடியம் 129 என்று வந்தது, குறைவு. சிறுநீரக அளவு லேசாக ஏறியிருந்தது. முழங்கை எலும்பில் முறிவில்லை. சலைன் ஏற்றி ஒரு இரவு வைத்துக்கொண்டார்கள். நீர் மாத்திரையையும் சுகர் மாத்திரையையும் ஊர் திரும்பி மறுபடி ரத்தம் பார்க்கும்வரை நிறுத்தச் சொல்லி எழுதிக்கொடுத்தார்கள். இது டாக்டர் ரத்தப் பரிசோதனையைப் பார்த்துச் சொன்னது. இதைப் படித்துவிட்டு யாரும் வீட்டில் தாமாக நிறுத்த வேண்டாம்.

மொத்தச் செலவு 28,500 ரூபாய், நம் பணத்தில் ஏறத்தாழ 1,500 வெள்ளி. பயணக் காப்புறுதி இருந்தது. முன்பே இருக்கும் நோய்களுக்குப் பொருந்தாது என்ற விதியைக் காட்டிப் பின்னால் மறுத்துவிட்டார்கள். விலை குறைந்த திட்டத்தை எடுத்தது நாங்கள்தான்.

மாற்றிய திட்டம்

அன்று சாயங்காலம் மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்து மிச்ச நாட்களைத் திருத்தினோம். மகளுக்கு ஊர் திரும்பிவிடலாம் என்று இருந்தது. டாக்டர் பயணத்தைத் தடுக்கவில்லை, நீண்ட வண்டிப் பயணம் வேண்டாம் என்றார். 23ஆம் தேதி மருமகள் பாட்டியோடு பூஜில் இருப்பது, மற்றவர்கள் தோலாவிரா போய் வருவது, பிறகு மாண்ட்வியில் ஒரு நாளுக்குப் பதில் இரண்டு இரவு என்று முடிவாயிற்று. இரண்டு மீன்பிடிக் கிராமங்களையும் ஒரு நெசவுக் கிராமத்தையும் அடித்துவிட்டேன். யாரும் அதைப் பற்றி அப்புறம் கேட்கவே இல்லை.

குழுவைப் பிரிப்பது எங்கள் தொழிலில் கடைசி வழி. இங்கே அது பாட்டிக்காகவே தேவைப்பட்டது. எல்லாரும் தங்கியிருந்தால் "என்னால கெட்டுச்சு" என்று அடுத்த தீபாவளிவரை சொல்லிக்கொண்டிருப்பார்.

நாற்காலிதான் பெரிய மாற்றம். மருத்துவமனைக்கு எதிரே இருந்த கடையில் மடக்கும் கம்மோடு நாற்காலி ஒன்று 1,800 ரூபாய்க்குக் கிடைத்தது. இரும்புக் கால், நடுவில் வட்டத் துளை, மேலே மூடி. குந்தும் கழிப்பறைக்கு மேலே விரித்துவைத்தால் போதும், உட்காரலாம். பாட்டி முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதைத் தூக்கிக்கொண்டு ஊருக்குள் நடக்கிறதா என்று கேட்டார். மருமகள் பூஜ் கடைத்தெருவில் ஒரு சிவப்புப் பாந்தினிச் சால்வை வாங்கி, நாற்காலியைச் சுற்றிக் கட்டி, "இப்ப பாருங்க அத்தை, யாருக்குத் தெரியும்?" என்றார். பாட்டி சால்வையின் சுங்குடிப் புள்ளிகளைத் தடவிப் பார்த்தார். "இதுக்குப் போய் இவ்வளவு நல்ல துணியா" என்று கடிந்துகொண்டார். அதற்கு மேல் மறுப்பு இல்லை.

தோலாவிரா போனவர்கள் ராத்திரி எட்டு மணிக்குத் திரும்பினார்கள். காவ்டாவிலிருந்து போகும் சாலையில் இரண்டு பக்கமும் வெள்ளை, நடுவே வண்டி. பையன் பாட்டிக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டு தொலைபேசியில் படம் காட்டினான். பாறையைக் குடைந்த குளங்கள், இறங்கும் படிகள், மழைத் தண்ணீரைச் சொட்டுவிடாமல் நகரத்துக்குள் கொண்டுவந்த வடிகால்கள். 4,000 வருடத்துக்கு முன்னால் என்றான். பாட்டி பார்த்துவிட்டு, "அந்த ஊர்க்காரனுக்குத் தண்ணியோட அருமை தெரிஞ்சிருக்கு" என்றார். மருமகள் ஒன்றும் சொல்லாமல் டம்ளரை நீட்டினார். குடித்தார்.

மாண்ட்வி

இங்கே எழுத அதிகம் இல்லை. எதுவும் நடக்காததுதான் வேண்டியிருந்தது. தரைத்தள அறை. சாயங்காலம் கடற்கரைக்கு அந்த நாற்காலியே போயிற்று, மூடி போட்டுச் சால்வை விரித்தால் நல்ல இருக்கை. ருக்மாவதி ஆற்றோரம் மரக்கப்பல் கட்டும் இடத்துக்கு ஒரு காலை போனோம். விலா எலும்பு மாதிரி மரச்சட்டங்கள் நிற்க, மேலே ஆட்கள் ஆணி அடித்துக்கொண்டிருந்தார்கள். பாட்டி அங்கே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். தன் அப்பா நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி பினாங்கில் இறங்கிய கதையைப் பேரப் பிள்ளைகளுக்கு முதல் தடவையாக முழுசாகச் சொன்னார். என் திட்டத்தில் அந்த இடத்துக்கு இருபது நிமிடம் ஒதுக்கியிருந்தேன்.

26ஆம் தேதி வண்டி வேண்டாம் என்று ரயிலில் அகமதாபாத் போனோம்.

பிறகு

பிப்ரவரி முதல் வாரம் கிளினிக்கில் ரத்தம் பார்த்தார்கள். சோடியமும் சிறுநீரக அளவும் பழையபடி வந்திருந்தன. சுகர் மாத்திரை திரும்பத் தொடங்கியது. நீர் மாத்திரைக்குப் பதில் வேறு மாத்திரை கொடுத்தார்கள். பிப்ரவரி 11 தைப்பூசத்தன்று விடியற்காலை பத்துமலைக்குப் போனார். 272 படி ஏறவில்லை. கீழேயே நின்று கும்பிட்டுவிட்டு வந்தார்.

இப்போது செய்வது

கட்ச் பயணத்துக்கு அகமதாபாத் – பூஜ் தூரத்தை இனி ரயிலில்தான் போடுகிறேன். 2024 செப்டம்பரில் தொடங்கிய நமோ பாரத் ரயில் அதை ஏறத்தாழ ஆறு மணி நேரத்தில் கடக்கிறது. பூஜில் சேரும்போது நேரமாகிவிடும் என்பது குறைதான், மறுநாள் காலை எதையும் வைப்பதில்லை. பூஜிலேயே தொடர்ந்து மூன்று இரவு தங்கி அங்கிருந்து போய் வருவது வயதானவர்களுக்கு எளிது. தினமும் பெட்டி கட்ட வேண்டாம்.

படிவத்தில் "நோய் உண்டா" என்ற கட்டத்தை எடுத்துவிட்டேன். அதற்குப் பதில் மாத்திரை அட்டைகளைப் படம் எடுத்து அனுப்பச் சொல்கிறேன். முட்டி மடக்க முடியுமா, வீட்டில் எந்த வகைக் கழிப்பறை, ராத்திரி எத்தனை தடவை எழுந்திருப்பார் என்று கேட்கிறேன். இதையெல்லாம் மகனிடமோ மாப்பிள்ளையிடமோ கேட்டுப் பயனில்லை. மருமகளையோ மகளையோ தனியாகக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும், முடிந்தால் பாட்டியிடமே, ஆண்கள் இல்லாத நேரத்தில். நீர் மாத்திரை எடுப்பவர் என்றால் கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்னால் கிளினிக்கில் போய், நீண்ட பயண நாளில் அதை எந்த நேரம் எடுப்பது என்று கேட்டுவரச் சொல்கிறேன். சிலர் முகம் சுளிக்கிறார்கள். ஒருவர், "டூர் புக் பண்ண வந்தேனா, டாக்டரைப் பாக்க வந்தேனா?" என்று கேட்டுவிட்டு வேறு அலுவலகம் போய்விட்டார்.

அந்த நாற்காலியைக் குடும்பம் விமானத்தில் கொண்டுவந்து எங்கள் அலுவலகத்துக்கே கொடுத்துவிட்டது, சால்வை மட்டும் பாட்டியிடம். தேவைப்படும் குடும்பங்களுக்கு இரவலாகக் கொடுக்கிறோம். இப்போது மூன்றாவது தடவையாக வெளியே போயிருக்கிறது.